மதுரைப் பேராயர் யார்? திருச்சபைத் தமிழும் செயற்கை நுண்ணறிவும்

"மதுரைப் பேராயர் விடுத்த கிறிஸ்துமஸ் செய்தி" என்று ஒரு தலைப்பைப் பார்க்கிறீர்கள். யார் அந்தப் பேராயர்?

கத்தோலிக்கர் ஒருவரிடம் கேட்டால் மதுரை உயர்மறைமாவட்டத்தின் தலைவரைச் சொல்வார். 1938ல் மறைமாவட்டமாகத் தொடங்கி 1953ல் உயர்மறைமாவட்டமானது அது. கீழவெளி வீதியில் இருக்கிற புனித மரியன்னை பேராலயம் அதன் தலைமைக் கோவில். சி.எஸ்.ஐ.காரரிடம் கேட்டால் மதுரை-இராமநாதபுரம் திருமண்டலத்தின் பிஷப்பைச் சொல்வார். ரெண்டு பேர் சொல்வதும் சரிதான். ஒரே ஊர், ஒரே பட்டம், ரெண்டு ஆட்கள். ஒரு படி கீழே இறங்கினால் குழப்பம் இன்னும் கூடும். சி.எஸ்.ஐ.யில் 'ஆயர்' என்றால் உள்ளூர் சபையைக் கவனிக்கிற போதகர். கத்தோலிக்கத்தில் 'ஆயர்' என்றால் ஒரு மறைமாவட்டத்துக்கே தலைவர். ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பில் "நமது ஆயர் இன்று வருகிறார்" என்று வாசித்தால், ஒரு கோவிலில் யாரும் தலை நிமிர மாட்டார்கள். இன்னொரு கோவிலில் வாசலுக்குத் தோரணம் கட்டக் கிளம்பிவிடுவார்கள்.

மொழிபெயர்ப்புக் கருவியிடமோ உரையாடிப் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவுக் கருவியிடமோ 'பிஷப்' என்ற சொல்லைக் கொடுத்தால், அது "எந்தச் சபைக்கு?" என்று பெரும்பாலும் திருப்பிக் கேட்பதில்லை. கைக்கு வந்த ஒரு சொல்லை எடுத்துக் கொடுத்துவிடும். சின்ன விஷயம்தான், ஒரு ஆள் உட்கார்ந்து திருத்திவிடலாம். ஆனால் இந்தச் சின்ன விஷயத்துக்குப் பின்னால் மதுரைத் திருச்சபையின் நானூறு வருடச் சண்டை ஒன்று இருக்கிறது. செயற்கை நுண்ணறிவை ஊழியத்தில் பயன்படுத்தலாமா கூடாதா என்று இப்போது நடக்கிற பேச்சில் அந்தச் சண்டையைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அதனால்தான் இந்தக் குறிப்பு.

உலகம் பேசுகிற கதைகள்

இந்தத் தலைப்பில் எதைப் படிக்கப் போனாலும் மூன்று கதைகள் வந்துவிடும்.

முதலாவது ஜெர்மனியில் நடந்தது. 2023 ஜூன் 9ஆம் தேதி ஃபியூர்த் நகரத்துப் புனித பவுல் ஆலயத்தில் 300க்கும் மேற்பட்டவர்கள் கூடியிருந்தார்கள். பீடத்துக்கு மேலே இருந்த திரையில் கணினி உருவங்கள் தோன்றி சுமார் 40 நிமிடம் ஆராதனை நடத்தின. பிரசங்கம், ஜெபம் எல்லாவற்றிலும் பெரும்பகுதி சாட்ஜிபிடி எழுதியது. ஏற்பாடு செய்தவர் வியன்னா பல்கலைக்கழக இறையியலாளர் யோனாஸ் ஸிம்மர்லைன்.

இரண்டாவது அமெரிக்கக் கதை. 2024 ஏப்ரலில் 'கத்தோலிக் ஆன்சர்ஸ்' என்ற அமைப்பு 'ஃபாதர் ஜஸ்டின்' என்றொரு கணினிக் குருவை இறக்கியது. அவர் தன்னை உண்மையான குரு என்றே சொல்லிக்கொண்டார். சில நாளில் எதிர்ப்பு கிளம்பியது. அங்கியைக் கழற்றிவிட்டு வெறும் 'ஜஸ்டின்' ஆக்கினார்கள். குருப்பட்டம் போன வேகத்தில் அது ஒரு சாதனை!

மூன்றாவது சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் நகரத்துப் புனித பேதுரு சிற்றாலயம். 2024ல் அங்கே பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் ஒரு திரையை வைத்து, அதில் இயேசுவின் முகத்தோடு ஒரு கருவியைப் பேசவிட்டார்கள். வந்தவர்கள் பல மொழிகளில் அதோடு பேசினார்கள்.

இந்தக் கதைகளின் மேல் எழுகிற கேள்வி எப்போதும் ஒன்றுதான்: இயந்திரத்துக்கு ஆத்துமா உண்டா, ஆத்துமா இல்லாதது தேவ வசனத்தைச் சொல்லலாமா? 2025 ஜனவரி 28ல் வத்திக்கான் வெளியிட்ட 'ஆந்திக்வா எத் நோவா' என்ற ஆவணமும் மனித அறிவுக்கும் இயந்திரத்தின் கணிப்புக்கும் உள்ள வித்தியாசத்தில் இருந்துதான் புறப்படுகிறது. அது அவசியமான கேள்விதான், நான் மறுக்கவில்லை. ஆனால் உசிலம்பட்டிப் பக்கமோ திருமங்கலம் பக்கமோ இருக்கிற ஒரு கிராமத்துச் சபையில் கணினிக் குருவெல்லாம் வரப்போவதில்லை. அங்கே வருவது வேறு மாதிரி. சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்குப் போனில் ஒரு பிரசங்கம் தயாராகும். ஞாயிறு காலையில் அது போதகரின் வாயிலிருந்து வரும். யாருக்கும் தெரியாது. திரை இல்லை, உருவம் இல்லை, செய்தியாளரும் இல்லை. இதுதான் நம் ஊர்க் கதை.

யாருடைய தமிழ்?

1606ல் ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தார். அவருக்கு முன்பே இங்கே பரவ சமுதாயத்துக் கிறிஸ்தவர்களுக்காக ஒரு கோவில் இருந்தது. நொபிலி அவர்களோடு சேராமல் தனியே தங்கி, காவி கட்டி, மேல்சாதியாரிடம் அவர்களுக்குப் பழக்கமான வடமொழி கலந்த தமிழில் பேசினார். 'சர்வேசுரன்' மாதிரியான சொற்கள் திருச்சபைக்குள் நிலைத்தது அந்த வழியில்தான். அவர் எடுத்த முடிவு ஒரு மொழி முடிவு. அதே நேரத்தில் அது ஒரு சாதி முடிவும்கூட. எந்தத் தமிழில் பேசுகிறோம் என்பதே யாரோடு உட்காருகிறோம் என்பதையும் தீர்மானித்துவிட்டது.

நூறு வருடம் கழித்து அதே மதுரை மிஷனில் வேலை செய்தவர் வீரமாமுனிவர் (1680-1747). அவருக்கு இந்தச் சிக்கல் நன்றாகவே புரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். செந்தமிழுக்கு ஒரு இலக்கணம் எழுதினார், பேச்சு வழக்கான கொடுந்தமிழுக்குத் தனியாக இன்னொன்று எழுதினார். லத்தீனில் எழுதிய அந்தக் கொடுந்தமிழ் இலக்கணம் 1738ல் தரங்கம்பாடியில் அச்சானது. கத்தோலிக்கத் துறவி எழுதிய புத்தகம் லுத்தரன்களின் அச்சகத்தில் அச்சானது என்பது ஒரு சுவையான செய்தி. சனங்களோடு பேச வேண்டும் என்றால் சனங்களின் பேச்சைத் தனியாகப் படிக்க வேண்டும் என்பதில் ரெண்டு தரப்புக்கும் சண்டை இல்லை.

புராட்டஸ்டண்ட் பக்கம் கடவுளுக்கு வைத்த பெயரை மட்டும் பார்த்தாலே போதும். சீகன்பால்கு 'சருவேசுரன்' என்றார். பப்ரிசியஸ் 'பராபரன்' என்றார். பவர் ஐயர் தலைமையில் 1871ல் வந்த மொழிபெயர்ப்பு 'தேவன்' என்றது. இன்றைக்கும் தமிழ்ப் புராட்டஸ்டண்ட் வீடுகளில் அதிகம் இருப்பது அந்த வழியில் வந்த வேதாகமம்தான். 1995ல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 'கடவுள்' என்றது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் சண்டை நடந்திருக்கிறது. ரேனியஸின் புதிய மொழிபெயர்ப்பை எதிர்த்துத் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் கடுமையாக எழுதினார். 'ஞானஸ்நானம்' என்று ஒரு கோவிலும் 'திருமுழுக்கு' என்று இன்னொரு கோவிலும் சொல்வதும், 'பரிசுத்த ஆவி' ஓரிடத்தில் 'தூய ஆவி' ஆவதும் இப்படி நடந்த வரலாற்றின் மிச்சம். பழைய கத்தோலிக்கத் தமிழில் பவுல் 'சின்னப்பர்', பேதுரு 'இராயப்பர்', யோவான் 'அருளப்பர்'. வேதப் புத்தகத்தில் அந்தப் பெயர்கள் மாறிவிட்டன. ஆனால் ஊருக்குள் சின்னப்பனும் ராயப்பனும் அருளப்பனும் இன்னும் நடமாடுகிறார்கள்.

இப்போது இயந்திரத்துக்கு வருவோம். இந்தக் கருவிகள் இணையத்திலும் புத்தகங்களிலும் கிடைத்த எழுத்திலிருந்து கற்றவை. இந்தச் சொற்கள் எல்லாமே அந்தக் குவியலில் கிடக்கின்றன, ஆனால் எந்தச் சொல்லுக்கு எந்தக் கோவில் என்ற முகவரி இல்லாமல் கிடக்கின்றன. நான் சோதித்துப் பார்த்தபோது ஒரே பக்கத்தில் 'தேவன்' என்று தொடங்கி, 'இறைவன்' ஆகி, 'கர்த்தர்' வழியாகக் 'கடவுள்' வரைக்கும் போனது. படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தத் தமிழ் பேசுகிற கோவில் பூமியில் எங்கேயும் இல்லை. கேட்கிறவர் இலக்கணப் பிழை என்று சொல்ல மாட்டார். "ஐயா இன்னிக்கு என்னமோ வெளியூர்க்காரர் மாதிரி பேசுறாரு" என்பார். அவர் சொல்வதுதான் சரியான விமர்சனம்.

பேச்சுத் தமிழின் நிலை இன்னும் மோசம். மதுரைப் பேச்சு எழுத்தில் வந்தது குறைவு. வந்ததிலும் பெரும்பகுதி சினிமாவின் வழியாக வந்தது, கையில் அருவாளோடு வந்தது! கருவியிடம் "மதுரைப் பேச்சு வழக்கில் எழுது" என்றால் "வந்தாய்ங்க, போனாய்ங்க, அங்கிட்டு, இங்கிட்டு" என்று தூவித் தரும். உப்பு எந்த அளவு என்று தெரியாமல் கையால் அள்ளிப் போட்ட குழம்பு மாதிரி. 'ஆய்ங்க' என்று முடிப்பதில் நெருக்கமும் உண்டு, அலட்சியமும் உண்டு. சாவு வீட்டில் ஒரு பெரியவரைப் பற்றிப் பேசும்போது அதை எங்கே போடக்கூடாது என்பது இங்கே பத்து வயசுப் பிள்ளைக்குத் தெரியும்.

அறுப்பின் பண்டிகைக்கு ஒரு பிரசங்கம்

சரி, சொற்களை விடுவோம். பொருளுக்கு வருவோம்.

அறுப்பின் பண்டிகை என்பது சி.எஸ்.ஐ. சபைகளில் பெரிய நாள். நெல், தேங்காய், வாழைத்தார், பூசணி, சேவல் என்று கையில் இருப்பதைக் கோவிலுக்குக் கொண்டு வருவார்கள். ஆராதனை முடிந்து ஏலம் நடக்கும். ஒரு பூசணிக்காய் அதன் விலையைப்போலப் பல மடங்குக்குப் போகும், எல்லோரும் சிரிப்பார்கள். மேலூர்ப் பக்கம் ஒரு சபையை மனதில் வைத்து, பத்து நிமிடப் பிரசங்கம் ஒன்று எழுதித் தரும்படி ஒரு கருவியிடம் கேட்டேன். முன்னுரை, மூன்று குறிப்புகள், முடிவுரை, ஜெபம் எல்லாம் அரை நிமிடத்தில் வந்துவிட்டது. "விதைத்தல், காத்திருத்தல், அறுத்தல்" என்று அழகான பகுப்பு. தப்பு என்று ஒரு வரியைக்கூடக் காட்ட முடியாது.

ஆனால் மேலூர் பெரியாறு பாசனத்தின் கடைமடை. 1895ல் பென்னிகுக் கட்டிய அணையிலிருந்து மலையைக் குடைந்து வருகிற தண்ணீர் வைகையில் சேர்ந்து, வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து, கடைசியில் அங்கே வர வேண்டும். மேல் பக்கம் ரெண்டு போகம் எடுக்கிறவர்கள் உண்டு. இங்கே ஒரு போகமே தண்ணீர் திறப்பைப் பொறுத்தது. தண்ணீர் வராத வருஷத்தில் அறுப்பின் பண்டிகை வந்தால் போதகர் என்ன பேசுவார்? "விதைத்தவன் அறுப்பான்" என்று அந்த வருஷம் பீடத்தில் நின்று சொல்ல முடியுமா? வாங்கிய கடன் முன்னால் வரிசையில் உட்கார்ந்திருக்கிறது.

நியாயமாகச் சொல்ல வேண்டும் என்பதற்காக இதையும் சோதித்தேன். கடைமடை, தண்ணீர் வரவில்லை, கடன் என்று விவரம் எல்லாம் கொடுத்து மறுபடி கேட்டேன். உடனே பிரசங்கம் மாறியது. வறட்சி பற்றி, காத்திருத்தல் பற்றி, ஒருவரை ஒருவர் தாங்குவது பற்றி நன்றாகவே எழுதியது. "அப்புறம் என்ன குறை?" என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்.

இந்த ரெண்டாவது பிரசங்கத்தில் பயனுள்ளதெல்லாம் நான் கொடுத்தது. தண்ணீர் வரவில்லை என்ற செய்தி அந்தச் சபையோடு இருந்து, அந்த வீடுகளுக்குப் போய் வந்தவருக்குத்தான் தெரியும். இயந்திரம் சேர்த்தது வழவழப்பு மட்டும். அந்த மாதிரி ஒரு நாளில் வழவழப்பு தேவையா? தண்ணீர் வராத வருஷத்துப் பிரசங்கம் கொஞ்சம் திக்க வேண்டும். போதகருக்கே பதில் தெரியவில்லை என்பது கேட்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும். அவர் தேடுவதைப் பார்த்துத்தான் அவர்களும் தேடுவார்கள். மூன்று குறிப்புகளோடு முடிந்து வருகிற ஆறுதல், துக்கம் விசாரிக்க வந்தவர் வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போவதைப் போன்றது.

"பிரசங்கக் குறிப்புப் புத்தகங்களைப் பார்த்துப் பேசுவது காலம் காலமாக நடக்கிறதே, இங்கிலீஷ் பிரசங்கத்தைத் தமிழாக்கிப் பேசாதவர் யார்?" என்பது அடுத்த கேள்வி. உண்மை. ஒரு சேகரத்தில் ஒரே போதகர் பல ஊர்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது. கல்யாணம், அடக்க ஆராதனை, கமிட்டி, கணக்கு, பள்ளிக்கூடப் பிரச்சினை எல்லாம் அவர் தலையில். சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு அவர் போனை எடுப்பது சோம்பலால் இல்லை. அந்த மனிதரைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் புத்தகத்திலிருந்து எடுத்தவர், அதைத் தன் வாய்க்கும் தன் சபையின் காதுக்கும் ஏற்ப மாற்றியாக வேண்டியிருந்தது. புத்தகம் அதை அவருக்குச் செய்து தரவில்லை. அந்த மாற்றுகிற வேலையில்தான் அவர் தன் சனங்களைப் பற்றி யோசித்தார். இப்போது போகிறது அந்த அரை மணி நேரம்.

பரட்டை அண்ணனின் கேள்வி

மதுரை அரசரடியில் இருக்கிற தமிழ்நாடு இறையியல் கல்லூரி 1969ல் தொடங்கியது. அங்கே பல ஆண்டுகள் தொடர்பியலும் இசையும் சொல்லிக்கொடுத்தவர் தியோபிலஸ் அப்பாவு (1940-2005). 'பரட்டை' என்ற பெயரில் எழுதினார், மாணவர்களுக்குப் 'பரட்டை அண்ணன்'. தலித் விடுதலை இறையியலை நாட்டுப்புற இசை வழியாகச் சொன்னவர். அவர் உருவாக்கிய கிராமிய இசை வழிபாட்டில் முழு ஆராதனையும் பேச்சுத் தமிழில், நாட்டுப்புற மெட்டில் இருக்கும். பறை கோவிலுக்குள் வரும். அவரைப் பற்றி அமெரிக்க இசை ஆய்வாளர் ஸோயி ஷெரினியன் எழுதிய புத்தகம் 2014ல் வந்தது.

அது வரைக்கும் தமிழ்க் கோவிலில் மரியாதைக்குரிய பாட்டு ரெண்டு வகைதான். ஒன்று கர்நாடக இசையில் அமைந்த கீர்த்தனை, இன்னொன்று மேற்கத்திய மெட்டில் பாடும் ஞானப்பாட்டு. வயலில் நாற்று நடும்போது பாடுகிற மெட்டு கோவில் வாசலோடு நின்றது. அப்பாவு அதை உள்ளே கூட்டி வந்தார். ஏன் நாட்டுப்புற இசை என்பதற்கு அவர் சொன்ன காரணங்களில் எனக்கு முக்கியமாகப் படுவது ரெண்டு. ஒன்று, அதற்குக் காசு தேவையில்லை, ஏழைகள் தாங்களே உருவாக்கலாம். ரெண்டாவது, பாடுகிறவர்கள் அதை மாற்றிக்கொள்ளலாம். ஒரு ஊரில் கற்ற பாட்டு அடுத்த ஊரில் ஒரு வரி மாறி வரும். அந்த மாற்றத்தை அவர் பிழையாக நினைக்கவில்லை. பாட்டு அவர்களுடையதாகிவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி.

இந்த அளவுகோலைச் செயற்கை நுண்ணறிவின் மேல் வைத்துப் பார்ப்போம். முதல் பார்வையில் அது பாஸாகிவிடும் போலத் தெரியும்! காசு தேவையில்லை, போன் இருந்தால் போதும். மாற்றிக்கொள்ளலாம், "இன்னும் எளிமையாக எழுது" என்றால் எழுதுகிறது. அப்படியானால் இது புது நாட்டுப்புற ஊடகமா?

நான் அப்படி நினைக்கவில்லை. யார் மாற்றுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். போன் வைத்திருப்பவர் மாற்றுகிறார், அதாவது போதகர் மாற்றுகிறார். களை எடுத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிற அம்மாவின் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்த பண்டம். திசையும் தலைகீழாகிறது. நாட்டுப்புறப் பாட்டு வயலிலிருந்து கோவிலுக்கு வந்தது. இது எங்கேயோ இருக்கிற ஒரு நிறுவனத்தின் கணினிக் கிடங்கிலிருந்து போதகர் வழியாகச் சனங்களுக்கு இறங்குகிறது. அதோடு, இயந்திரம் கற்ற குவியலில் அதிகம் எழுதியவர்களின் குரல்தான் அதிகம் இருக்கும். எழுதாதவர்களின் குரல் அதில் இல்லை. கிறிஸ்தவத் தமிழில் யார் அதிகம் எழுதினார்கள், யார் பாடினார்கள் ஆனால் எழுதவில்லை என்பது நமக்குத் தெரிந்த கதைதான். எந்தத் தமிழைக் கோவிலுக்குள் கொண்டுவர அப்பாவு ஒரு ஆயுளைச் செலவழித்தாரோ, அந்தத் தமிழ் யாரும் தடை போடாமலே மறுபடி வெளியே போய்விடும். "தரமான தமிழில் எழுதித் தா" என்று ஒரு வரி போதும்.

இதில் ஒரு முரணும் உண்டு. மெட்டா நிறுவனம் 2023ல் 1,100க்கும் மேற்பட்ட மொழிகளுக்குப் பேச்சை அறியும் மாதிரிகளை வெளியிட்டது. தமிழும் அதில் உண்டு. அத்தனை மொழிகளுக்கும் ஒலிப்பதிவு எங்கே கிடைத்தது? புதிய ஏற்பாட்டை வாசித்துப் பதிவு செய்த ஒலிக் கோப்புகளில் கிடைத்தது. இயந்திரத்துக்குக் குரல் கொடுத்ததில் திருச்சபைக்குப் பெரும் பங்கு இருக்கிறது. ஆனால் கொடுத்தது வேதம் வாசிக்கிற குரல். தாலாட்டும் ஒப்பாரியும் ஏலம் கூவுகிற குரலும் அதில் இல்லை.

ஜெபக் குறிப்பு எங்கே போகிறது?

மொழியைவிட எனக்குக் கவலை தருவது இது.

ஒரு சபையில், பெயர் வேண்டாம், ஜெபக் குறிப்புகளை அப்படியே ஒரு கருவியில் போட்டு அழகான மன்றாட்டாக மாற்றி வாசிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். செய்தவர் நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார். ஆனால் ஜெபக் குறிப்பில் என்ன இருக்கும்? பெயர், வியாதி, புருஷனின் குடி, மகளின் வரன், வட்டிக் கடன், கோர்ட்டு கேசு. நோட்டுப் புத்தகத் தாளைக் கிழித்து நாலாக மடித்து, காணிக்கையோடு போடுகிற சீட்டு அது. அதைப் போடுகிறவர் ஒரு ஆளை நம்பி, அவர் வழியாகக் கடவுளிடம் சொல்கிறார். நடுவில் ஒரு நிறுவனம் இருப்பது அவருக்குத் தெரியாது. "பேரை எடுத்துட்டுத்தானே போடுறோம்" என்று சொல்லலாம். பெயரை எடுத்தாலும், கேட்காமல் வெளியே எடுத்துப் போனது எடுத்துப் போனதுதான். பாவசங்கீர்த்தன ரகசியத்தைக் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் எந்தச் சூழலிலும் உடைக்கக் கூடாது என்கிறது. புராட்டஸ்டண்ட் சபைகளில் அப்படி எழுதி வைத்த முத்திரை இல்லாவிட்டாலும், ஐயாவிடம் சொன்னது வெளியே போகாது என்ற நம்பிக்கை இருக்கிறது. 2023ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் மையமே ஒப்புதல்தான். சட்டம் எதுவும் சொல்லாவிட்டாலும், கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும் என்பது நம் ஊர் மரியாதைக்கே அடிப்படை. லூசெர்ன் சிற்றாலயத்தில்கூடச் சொந்த விவரங்களைச் சொல்ல வேண்டாம் என்று வந்தவர்களை எச்சரித்துத்தான் உள்ளே விட்டார்கள்.

போலிக் குரல், போலிப் படம் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. போப் பிரான்சிஸ் வெள்ளைக் குளிர்கோட்டு போட்ட மாதிரி 2023 மார்ச்சில் பரவிய படத்தை எத்தனையோ பேர் நம்பினார்கள். 2024 உலகத் தொடர்பு நாள் செய்தியில், இப்படிப்பட்ட போலிப் படத்துக்குத் தானும் ஆளானதை அவரே குறிப்பிட்டார். பிரசங்கங்கள் மணிக்கணக்கில் யூடியூபில் கிடக்கிற காலத்தில், ஒரு போதகரின் குரலை நகலெடுத்துக் "கட்டட நிதிக்கு உடனே அனுப்புங்க" என்று வாட்ஸப்பில் அனுப்புவது கஷ்டமான வேலை இல்லை.

அப்ப வேண்டாமா?

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கண் தெரியாதவருக்கு வார அறிவிப்பை வாசித்துக் காட்டட்டும். காது கேளாதவருக்குப் பிரசங்கத்தின் வரிகளைத் திரையில் காட்டட்டும். வெளி மாநிலத்திலிருந்து வேலைக்கு வந்து கோவிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிற பையனுக்கு அவன் மொழியில் சாரம் சொல்லட்டும். திருமண்டல அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டிய கடிதம், ஆண்டறிக்கை, கமிட்டிக் குறிப்பு எல்லாவற்றையும் தாராளமாக எழுதட்டும். அதில் மிச்சமாகிற நேரத்தில் போதகர் ரெண்டு வீடு கூடப் போய் வந்தால், அதைவிட நல்ல பயன் இல்லை. வேத ஆராய்ச்சியிலும் ஒரு சொல்லுக்கு மூல மொழியில் என்ன பொருள், பழைய மொழிபெயர்ப்புகள் எப்படி எடுத்தன என்று தேட உதவும், கிடைத்ததைப் புத்தகத்தோடு சரிபார்த்துக்கொண்டால்.

நான் கேட்பது நாலு விஷயம். ஒன்று, ஒவ்வொரு சபையும் தன் சொற்பட்டியலை எழுதி வைக்க வேண்டும். ஆயர் யார், பேராயர் யார், ஞானஸ்நானமா திருமுழுக்கா என்று ரெண்டு பக்கம் போதும். கருவிக்கும் அதைக் கொடுக்கலாம், புதிதாக வருகிற போதகருக்கும் கொடுக்கலாம். ரெண்டு, ஜெபக் குறிப்பையும் தனியாகச் சொன்ன எதையும் கருவிக்குள் போடுவதில்லை என்று கமிட்டியில் தீர்மானம் போட வேண்டும். மூன்று, கருவி எழுதியதை வாசித்தால் அதைச் சொல்ல வேண்டும். சொல்லக் கூச்சமாக இருந்தால், அந்த இடத்தில் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அந்தக் கூச்சமே காட்டிக்கொடுக்கும். நாலு, ஞாயிறு பிரசங்கத்தை சனிக்கிழமை சாயங்காலம் சபையில் ஒருவரிடம், முடிந்தால் அதிகம் படிக்காத ஒரு அம்மாவிடம், வாயால் சொல்லிப் பார்க்க வேண்டும். அவர் எங்கே குறுக்கே பேசுகிறாரோ அங்கேதான் பிரசங்கம் தொடங்குகிறது.

நாலாவது யோசனை நடைமுறைக்கு ஒத்து வராது என்று சில போதக நண்பர்கள் சொன்னார்கள். நேரம் இல்லையாம். இருக்கலாம். ஆனால் சோதிக்கப்பட வேண்டியது அங்கேதான் என்று நினைக்கிறேன். கருவியால் மிச்சமான நேரம் எங்கே போனது என்று ஒரு வருஷம் கழித்து ஒரு சேகரத்தில் கணக்குப் பார்த்தால் தெரிந்துவிடும். வீடுகளுக்குப் போயிருந்தால் இந்தக் கட்டுரையில் பாதியை நான் திரும்ப வாங்கிக்கொள்ளத் தயார். இன்னும் நாலு போஸ்டருக்கும் இன்னொரு யூடியூப் சேனலுக்கும் போயிருந்தால், மேலூர்க் கடைமடையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒரு சொல்கூடப் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம்.